பேத்தோபிசியாலஜியை எந்த வழியில் படிப்பது? பாடநூல், காரணச் சங்கிலி, வினா வங்கி, அட்டை: ஓர் ஒப்பீடு

கல்லீரல் வடுப்பட்டு இறுகும் சிரோசிஸ் நோய் பற்றிய பக்கங்களில் மஞ்சள் மை படாத வரியே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் கோடிட்ட பாடநூல் ஒன்றை மாணவி ஒருவர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். வயிற்றில் நீர் கோத்தல், மண்ணீரல் வீக்கம், மூக்கில் இரத்தக் கசிவு, மஞ்சள் காமாலை, குழறிய பேச்சு என்று அறிகுறிகளை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னார். நூலை மூடி வைத்துவிட்டு, இந்த நோயாளிக்கு மூக்கில் ஏன் இரத்தம் வருகிறது என்று கேட்டேன். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பாடத்தை அவர் மூன்று முறை படித்திருந்தார். உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. படிக்கத் தேர்ந்துகொண்ட வழியில்தான் குறை இருந்தது.

செவிலியக் கல்வியில் பேத்தோபிசியாலஜி என்னும் நோய் உடலியங்கியலைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் எனக்கு, தேர்வு நெருங்கும் காலத்தில் தவறாமல் வரும் கேள்வி இது: பாடநூலை முதலிலிருந்து படிப்பதா, நோயின் காரண காரியத்தைப் படமாக வரைந்து படிப்பதா, வினா வங்கியை எடுத்து விடையளித்துக்கொண்டே போவதா, சிறு அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்வதா? உங்களுக்கு எது பிடிக்கிறதோ அப்படிப் படியுங்கள் என்று சொல்லி அனுப்புவது எளிது. அந்தப் பதிலில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் ஒருவரின் விருப்பத்தைவிடப் பாடத்தின் அமைப்பே இங்கு வழியைத் தீர்மானிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த அமைப்பை முதலில் பார்த்துவிடுவோம். எந்த நோயை எடுத்தாலும் ஒரு காரணம் இருக்கும். அது திசுவில் ஒரு மாற்றத்தை உண்டாக்கும். அதனால் உறுப்பின் வேலை கெடும். கெட்ட வேலையை ஈடுகட்ட உடல் ஏதோ ஒன்றைச் செய்யும். அந்த ஈடுகட்டலே சில நேரங்களில் புதிய தொல்லையாக மாறும். இவற்றின் வெளிப்பாடாகத்தான் அறிகுறிகளும் பரிசோதனை முடிவுகளும் வருகின்றன. நோயின் இருப்பிடம் செல் என்று ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஷோ 1858இல் விரித்துரைத்த நாளிலிருந்து, இந்தத் துறை ஒரு கண்ணியை அடுத்த கண்ணியோடு கோக்கும் வேலையாகவே வளர்ந்து வந்திருக்கிறது. தேர்வில் நேரடியாகக் கேட்கப்படுவது பெரும்பாலும் கடைசிக் கண்ணியான அறிகுறியோ, செவிலியர் செய்ய வேண்டிய பணியோதான். ஆனால் சரியான விடையையும் சரிபோலத் தோன்றும் விடையையும் பிரித்துக் காட்டுவது நடுவிலுள்ள கண்ணிகளே.

பாடநூலைத் தொடர்ந்து படித்துக் கோடிடும் வழிக்கு ஒரு நன்மை உண்டு. எதுவும் விடுபடாது, சொற்கள் காதுக்குப் பழகும், முதல் முறை ஒரு நோயைச் சந்திக்கும்போது வேறு எதிலும் கிடைக்காத முழுமை அதில் கிடைக்கும். அதற்குமேல் அதை நம்ப முடியாது. உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் உரைநடைப் பகுதியை நான்கு தடவை படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஒரே தடவை படித்துவிட்டு மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு அப்போது 71 விழுக்காடுதான் நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது நிலைமை தலைகீழானது: திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. என் மாணவி படித்த அன்று இரவு தமக்கு எல்லாம் தெரியும் என்று நம்பியது பொய்யான நம்பிக்கை அல்ல, அன்று இரவுக்கு அது உண்மைதான். 2013இல் ஜான் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்து வெளியிட்ட விரிவான மதிப்பீடும், கோடிடுதலையும் மறுவாசிப்பையும் குறைந்த பயனுள்ளவை என்றும், தன்னைத்தானே சோதித்தலையும் இடைவெளிவிட்டுப் படித்தலையும் மிகுந்த பயனுள்ளவை என்றும் வகுத்தது.

அடுத்தது காரணச் சங்கிலி வழி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பாடத்துக்கு முதுகெலும்பாக நான் பரிந்துரைப்பது இதைத்தான். வெள்ளைத்தாளின் நடுவில் இடது பக்க இதயச் செயலிழப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். இதயம் வெளியேற்றும் இரத்தம் குறைகிறது. அதனால் சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைகிறது. உடலில் இரத்தமே குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. அதன் வழியே உருவாகும் ஆஞ்சியோடென்சின் இரண்டு, இரத்தக் குழாய்களைச் சுருக்குவதோடு ஆல்டோஸ்டிரோனையும் சுரக்க வைக்கிறது. உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன. ஏற்கெனவே தளர்ந்த இதயத்தின் மேல் மேலும் சுமை ஏறுகிறது. இடது பக்கத்தில் தேங்கிய அழுத்தம் நுரையீரலின் நுண்குழாய்களுக்குத் திரும்பிப் போய், நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது. இவ்வளவையும் அம்புக்குறிகளால் கோத்துவிட்டால், நோயாளி மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே உறங்குவதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. படுத்தால் கால்களில் தங்கியிருந்த இரத்தம் மார்புக்குத் திரும்பி, நுரையீரலின் சுமையைக் கூட்டும் என்று படமே சொல்லிவிடும். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்ப்பது ஏன், உப்பைக் குறைப்பது ஏன், ஆஞ்சியோடென்சின் இரண்டு உருவாவதைத் தடுக்கும் ஏசிஇ தடுப்பி மருந்து எந்த அம்பை வெட்டுகிறது, சிறுநீரைக் கூட்டும் டையூரெட்டிக் மருந்து எந்த அம்பை வெட்டுகிறது என்று அதே தாளில் செவிலியப் பணிகளையும் குறித்துவிடலாம்.

ஒரு நோய்க்கு வரைந்த சங்கிலி பல நோய்களுக்குக் கைகொடுக்கும் என்பது இந்த வழியின் பெரிய இலாபம். நுண்குழாயின் சுவர் வழியே நீர் வெளியே போவதும் உள்ளே வருவதும் எந்தெந்த விசைகளைப் பொறுத்தது என்பதை ஆங்கிலேய உடலியங்கியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896இல் விளக்கினார். அதை ஒருமுறை புரிந்துகொண்டவருக்கு உடல் வீக்கம் நான்கே வழிகளில் வர முடியும்: குழாய்க்குள் அழுத்தம் ஏறியிருக்க வேண்டும், இரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்கும் ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருக்க வேண்டும், குழாயின் சுவர் கசிய விட வேண்டும், அல்லது நிணநீர் வடியும் வழி அடைபட்டிருக்க வேண்டும். இதயச் செயலிழப்பில் முதலாவது. ஒரு நாளில் 3.5 கிராமுக்கு மேல் புரதம் சிறுநீரில் போய்விடும் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோமில் இரண்டாவது. தீக்காயத்திலும், தொற்றினால் உடல் முழுதும் பாதிக்கப்படும் செப்சிஸிலும் மூன்றாவது. யானைக்கால் நோயில் நான்காவது. சிரோசிஸில் முதலிரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. பத்து நோய்களின் வீக்கத்தைப் பத்துத் தனிச்செய்திகளாகச் சுமப்பவருக்கும் நான்கு வழிகளாகக் கையில் வைத்திருப்பவருக்கும் தேர்வறையில் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

ஆனால் இந்த வழிக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு, அவற்றை மறைத்துப் பரிந்துரைப்பது சரியாகாது. முதலாவது, பாதிச் சங்கிலி முழுத் தவறுக்கு இட்டுச்செல்லும். இன்சுலின் இல்லாமல் இரத்தத்தில் அமிலம் ஏறும் நீரிழிவு கீட்டோஅசிடோசிஸில் வந்த நோயாளியின் இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரைகுறையாகக் காரணம் தேடுபவர், பொட்டாசியம் கூடியிருப்பதால் அதைக் கொடுக்கவே கூடாது என்று முடிவு கட்டிவிடுவார். உண்மையில் இன்சுலின் இல்லாததாலும் இரத்தம் செறிந்துபோனதாலும் அமிலத்தன்மையாலும் செல்லுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே வந்திருக்கிறது. சர்க்கரை இழுத்துக்கொண்டு போகும் சிறுநீரில் அது வெளியேறிக்கொண்டும் இருக்கிறது. ஆக இரத்தத்தில் நிறைந்து காணப்பட்டாலும் உடல் மொத்தத்தில் அது பற்றாக்குறைதான். இன்சுலின் ஏறத் தொடங்கியதும் பொட்டாசியம் செல்லுக்குள் விரைந்து திரும்பும். இரத்த அளவு சரியும். இதயத்துடிப்பின் ஒழுங்கு கெடும். அதனால்தான் இன்சுலினுக்கு முன்பே பொட்டாசியம் அளவு பார்க்கப்படுகிறது, குறைவாக இருந்தால் முதலில் அது ஈடுசெய்யப்படுகிறது, பிறகும் மீண்டும் மீண்டும் கண்காணிக்கப்படுகிறது. எனவே, தானாக ஊகித்து வரைந்த ஒவ்வோர் அம்பையும் பாடநூலோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது ஆபத்து, படத்தை நூலைத் திறந்து வைத்துக்கொண்டு வரைவது. அழகான வண்ணங்களில் வரைந்த படங்கள் நிறைந்த குறிப்பேடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பல, கோடிட்ட பாடநூலின் இன்னொரு வடிவமே. கார்பிக்கேயும் ஜேனல் பிளண்ட்டும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைப் பார்த்துக்கொண்டே கருத்துப்படம் வரைந்தவர்களைவிட, படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே பின்னர் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். பொருளைப் புரிந்து ஊகிக்க வேண்டிய கேள்விகளிலும் அவர்களே முந்தினார்கள். சங்கிலி வழியைக் கைவிட இது காரணமாகாது, நூலை மூடிவிட்டு வரைய வேண்டும் என்பதற்கே இது காரணம். படித்து முடித்து, நூலை மூடி, வெற்றுத்தாளில் வரைந்து, பிறகு திறந்து பார்த்து, விடுபட்ட அம்பை வேறு நிற மையில் சேர்க்க வேண்டும். அந்த வேறு நிறக் கோடுகள்தாம் அடுத்த முறை படிக்க வேண்டிய பாடம்.

வினா வங்கியின் ஆதரவாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அது நினைவிலிருந்து எடுக்கும் பயிற்சியைத் தானாகவே தருகிறது, தேர்வின் கேள்வி நடையைப் பழக்குகிறது, தெரியாததைத் தெரியாது என்று உடனே காட்டுகிறது. 2023 ஏப்ரலில் புது வடிவம் பெற்ற, அமெரிக்காவில் செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் போன்ற தேர்வுகள், ஒரு நோயாளியின் குறிப்புகளைத் தந்து, அவற்றில் எவை முக்கியம், அவை எதைக் காட்டுகின்றன, முதலில் எதைச் செய்வீர்கள் என்று படிப்படியாகக் கேட்கின்றன. அந்த வகைக் கேள்விகளை முன்பே பார்க்காமல் தேர்வறைக்குள் போவது அறிவுடைமை ஆகாது.

அப்படியிருந்தும், வினா வங்கியை மட்டும் நம்பியவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதையும் கண்டிருக்கிறேன். தலைக் காயத்தோடு வந்த நோயாளிக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது, நாடி குறைகிறது, மூச்சு ஒழுங்கற்றுப் போகிறது. இது மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடியதன் அடையாளம் என்று பத்துக் கேள்விகளில் விடையளித்த ஒருவர், இரத்தப்போக்கால் உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போகும் அதிர்ச்சி (ஷாக்) நிலையில் இருப்பவரைப் பற்றிய கேள்வி வந்ததும், அழுத்தம் ஏறுமா இறங்குமா, நாடி கூடுமா குறையுமா என்று தடுமாறுகிறார். காரணத்தை அறிந்தவருக்கு இந்தக் குழப்பம் வராது. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் மூளைக்கு இரத்தம் போவது தடைபடும். அந்தத் தடையை மீறி இரத்தத்தைத் தள்ள உடல் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். உயர்ந்த அழுத்தத்தை உணர்ந்த அழுத்த உணரிகள் வேகஸ் நரம்பின் வழியே இதயத்தை மெதுவாக்கும். நெரிபடும் மூளைத்தண்டினால் மூச்சின் ஒழுங்கு கெடும். அதிர்ச்சியில் தொடக்கமே வேறு: இரத்தம் குறைந்து அழுத்தம் விழுகிறது, அதே உணரிகள் இப்போது இதயத்தை விரட்டுகின்றன. ஒரே உணரி, இரண்டு எதிர்த்திசைகள். வினா வங்கி இந்த விளக்கத்தை விடைக்குறிப்பில் தருவதுண்டு. ஆனால் சரியாகப் போட்ட கேள்வியின் விளக்கத்தை யாரும் படிப்பதில்லை, தற்செயலாகச் சரியாகப் போனவையும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே வினா வங்கியை எடுப்பவர்கள், விடையைக் குறிக்கும்போதே அதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுதிவைத்து, அந்த வரியையே திருத்த வேண்டும்.

அட்டைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எண்களுக்கும் தனிச்செய்திகளுக்கும் அவற்றைப்போல் உதவுவது வேறில்லை. இரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45 வரை, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 35 முதல் 45 வரை, பைகார்பனேட் 22 முதல் 26 வரை என்பவற்றை எந்தக் காரணச் சங்கிலியிலிருந்தும் வருவிக்க முடியாது, மனப்பாடம்தான் செய்ய வேண்டும். கற்றது எவ்வளவு விரைவாக நழுவுகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885இல் வெளியிட்டார்; நழுவும் தறுவாயில் மீண்டும் எடுத்துப் பார்க்க வைக்கும் அட்டைச் செயலிகள் அந்தக் கண்டறிதலின் வழிவந்தவை. ஆனால் ஒரு நோயை இருபது அட்டைகளாக நறுக்கிவிட்டால், இருபதும் நினைவிருந்தும் அவற்றுக்கு இடையிலான தொடர்பு கையைவிட்டுப் போய்விடும். இயக்கங்களுக்கு அட்டை எழுதியே ஆக வேண்டுமென்றால், நாள்பட்ட சிறுநீரக நோயில் இரத்தசோகை ஏன் வருகிறது என்பதுபோல ஏன் என்று தொடங்கும் கேள்வியாக எழுதுங்கள். சிவப்பணு உருவாக்கத்தைத் தூண்டும் சிறுநீரக ஹார்மோனான எரித்ரோபாய்ட்டின் சுரப்பு குறைவதால் என்ற விடை ஒரு கண்ணியையாவது காப்பாற்றித் தரும்.

காணொளிப் பாடங்கள் அசையும் படங்களில் விளங்க வைப்பதால் முதல் அறிமுகத்துக்கு நல்லவை, அதிலும் சிறுநீரகத்தின் நுண் அலகான நெஃப்ரான், இதயச் சுழற்சி போன்றவற்றுக்கு. பார்த்து முடித்ததும் தாள் எடுக்காதவர்களுக்கு அவை மறுவாசிப்பைப் போலவே ஏமாற்றும். எனக்குக் கண்ணால் பார்த்தால்தான் பதியும், எனக்குக் காதால் கேட்டால்தான் பதியும் என்று சொல்லி வழியைத் தேர்வதற்கும் போதிய சான்று இல்லை என்று 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். எதிரெதிரான நோய்களை இரு பத்திகளில் எழுதி ஒப்பிடும் அட்டவணை இவற்றைவிட எனக்கு உகந்தது. நீரை உடலில் தங்க வைக்கும் ஹார்மோனான ஏடிஎச் அளவுக்கு மீறிச் சுரக்கும் நிலையில் நீர் உடலில் தங்கி, இரத்தச் சோடியம் நீர்த்துக் குறைந்து, சிறுநீர் செறிவாகும். அது குறையும் டயாபடீஸ் இன்சிபிடஸில் நீர் வெளியேறி, சோடியம் ஏறி, சிறுநீர் நீர்த்துப் போகும். ஒரே ஹார்மோனின் கூடுதலும் குறைவும் என்ற அந்த ஒரு தலைப்புக்குக் கீழே எழுதினால் இரண்டும் இடம்மாறிப் போகாது.

இனி முடிவுக்கு வருவோம். மூன்று மாதம் இருப்பவர்கள் தயங்காமல் காரணச் சங்கிலியை முதன்மையாக எடுத்துக்கொள்ளலாம். முதல் சில வாரங்களை நோய்களுக்குச் செலவிடாமல், அழற்சி, நீர்-உப்புச் சமநிலை, அமில-காரச் சமநிலை, அதிர்ச்சி, திசுவுக்கு ஆக்சிஜன் குறைதல், மிகை உணர்திறன் என்ற பொது இயக்கங்களுக்கே கொடுக்க வேண்டும். பிறகு உறுப்பு மண்டலம் ஒவ்வொன்றிலும் நாளுக்கு ஒன்றோ இரண்டோ சங்கிலிகளை மூடிய நூலோடு வரைய வேண்டும். வினா வங்கியைக் கடைசி மாதத்துக்கு ஒத்திவைக்கக் கூடாது. இரண்டாம் வாரத்திலிருந்தே, படித்த பகுதியில் நாளுக்குப் பத்துக் கேள்விகள் என்றாவது தொடங்கிவிட வேண்டும்.

மூன்று வாரமே இருக்கிறது என்றால் வரிசை மாறும். எல்லா நோய்களுக்கும் சங்கிலி வரைய நேரம் போதாது. கேள்விகளிலிருந்து தொடங்கி, தவறாகப் போன விடைக்கும் ஊகித்துப் போட்ட விடைக்கும் மட்டும் நான்கைந்து அம்புகளில் சிறு சங்கிலி வரைவதே அப்போது தக்க வழி. மூன்று நாள்தான் மிஞ்சியிருக்கிறது என்பவர்கள் எண்களையும் ஒப்பீட்டு அட்டவணைகளையும் பார்த்துவிட்டு, நன்றாக உறங்கி எழுந்து போகட்டும். புதிய நோயை அப்போது தொடுவதால் தெரிந்த நோயும் கலங்கும்.

கட்டுரை வடிவில் விடை எழுதும் தேர்வுக்குப் போகிறவர்களுக்குச் சங்கிலி இரட்டைப் பயன் தருகிறது, வரைந்து பழகிய அம்புக்குறிப் படத்தையே விடைத்தாளிலும் போட்டு அதற்கு விளக்கம் எழுதிவிடலாம். ஏற்கெனவே பணியில் இருந்துகொண்டு மேற்படிப்புத் தேர்வுக்குப் படிக்கும் செவிலியர்களுக்கு நான் சொல்வது சற்று வேறு. நூற்றுக்கணக்கான நோயாளிகளை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்; அவர்களிடம் இருப்பது சங்கிலியின் கடைசிக் கண்ணி. எனவே காரணத்திலிருந்து அறிகுறிக்கு வராமல், அன்று பணியில் கண்ட ஓர் அறிகுறியிலிருந்து பின்னோக்கி, இது ஏன், அது ஏன் என்று நான்கு படி ஏறிப் போவது அவர்களுக்கு விரைவாகக் கைகூடும்.

அந்த மாணவி பத்து நாள் கழித்து வெற்றுத்தாளோடு வந்து உட்கார்ந்தார். கல்லீரல் என்று நடுவில் எழுதி, வடுவினால் இறுகிய கல்லீரல் வழியே இரத்தம் போக முடியாமல் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுவதை ஓர் அம்பாக வரைந்தார். அதிலிருந்து மண்ணீரல் வீங்கி இரத்தத் தட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்வதை இன்னோர் அம்பாக வரைந்தார். உறைதல் காரணிகளைக் கல்லீரல் தயாரிக்க முடியாமல் போவதைத் தனியாக வரைந்து, இரண்டு அம்புகளையும் மூக்கில் இரத்தக் கசிவு என்ற ஒரே சொல்லில் கொண்டுவந்து சேர்த்தார். குழறிய பேச்சுக்கு மட்டும் அம்பு இல்லை. பாடநூலைத் திறந்து, கல்லீரல் அகற்றாமல் விட்ட அம்மோனியா மூளையை எட்டுவதைச் சிவப்பு மையில் சேர்த்தார். அம்மோனியாவைக் குடல் வழியே வெளியேற்றும் லாக்டுலோஸ் மருந்தைக் கொடுப்பது ஏன் என்பதையும் அந்தச் சிவப்புக் கோட்டின் மேலேயே குறித்துக்கொண்டு, தாளின் மூலையில் மூன்று நாள் தள்ளி ஒரு தேதியை எழுதி வைத்தார்.